இன்னைக்கு வேண்டாமுங்க

என் மகள் இணையத்தில் துணிக்கடை நடத்துகிறாள். போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்து, வண்ண வண்ண வட்டங்கள் போட்ட ஒரு படத்தைக் காட்டினாள். கார்டில் காசு கட்டுகிறவர்கள் எத்தனை பேர், போனில் கட்டுகிறவர்கள் எத்தனை பேர், பார்சல் கைக்கு வந்த பிறகு தருகிறேன் என்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அது. அந்தக் கடைசி ரகத்தில்தான் பார்சல் திரும்பித் திரும்பி வருகிறதாம். "அதை மட்டும் நிறுத்திப்போடலாம்னு இருக்கேன்மா" என்றாள்.

"எந்தக் கிழமை திரும்புது?" என்று கேட்டேன்.

அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்வி எனக்கே சுலபமாகக் கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பி.காம். முடித்துவிட்டு சிங்காநல்லூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். கம்பெனி என்றால் ஒரு மில்லுக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட். முன்பாதியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காட்டன் நைட்டி தைப்பார்கள். பின்பாதியில் நானும் ஒரு மேஜையும். வார இதழ்களில் எங்கள் விளம்பரம் சின்னதாக வரும். அதைப் பார்த்துவிட்டு ஊர் ஊராக எழுதிக் கேட்பார்கள், நாங்கள் தபாலில் அனுப்புவோம். இன்றைக்கு மகள் செய்வதைத்தான் அன்றைக்கு நாங்கள் கோந்தும் சணலும் வைத்துச் செய்தோம்.

பணம் வரும் வழி நான்கு. டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து அனுப்புகிறவர்கள் உத்தமர்கள். ஆனால் அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பெரும்பாலும் பேங்க்கிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்க்கிற பெண்கள். செக் அனுப்புகிறவர்களும் உண்டு. வெளியூர் செக் காசாக மாறுவதற்குள் நைட்டி ஃபேஷனே மாறிவிடும். மணியார்டரில் ஏமாற்றமில்லை, ஆனால் அதற்கு ஒரு பெண் தபாலாபீஸ் வரை போய் வரிசையில் நிற்க வேண்டும். யாருக்கு, எதற்கு என்று அங்கே நாலு பேர் கேட்பார்கள். அவள் வீடு திரும்புவதற்குள் மாமியாருக்குச் செய்தி வந்திருக்கும், அதுவும் நைட்டி என்றால் கேட்கவே வேண்டாம். மீதி எல்லாம் வி.பி.பி. ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும். தபால்காரர் பார்சலை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு போவார். தபாலாபீஸ் அதை எங்களுக்கு அனுப்பிவிடும்.

வந்த ஆர்டரில் முக்கால்வாசி வி.பி.பி.தான். திரும்பி வந்ததும் அதுதான். அனுப்பிய தபால் செலவு போனது போனதுதான். கசங்கி வந்த நைட்டியை இஸ்திரி போட்டு மறுபடி மடிக்க வேண்டும். பார்சல் மேல் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதியிருக்கும். ஆசையாகக் கார்டு எழுதிக் கேட்டவள், வீட்டு வாசலுக்கு வந்ததை எதற்காக மறுக்கிறாள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

முதலாளி தெலுங்கு பேசுகிற குடும்பம். அவருடைய தாத்தா பருத்தி விதைத்தார், அப்பா பருத்தி அரவை மில் வைத்தார், இவர் நைட்டிக்கு வந்து சேர்ந்திருந்தார். எங்களிடம் பேசுவது தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. ஒரு நாள், திரும்பி வந்த குவியலைப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ சொன்னவர், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"அம்மணி, சித்திரையோட இந்த வி.பி.பி.யை நிறுத்திப்போடலாம். முன்னாடியே காசு அனுப்பறவங்களுக்கு மட்டும் அனுப்புனாப் போதும்."

"முக்காவாசி ஆர்டர் போயிருமுங்களே."

"திரும்பி வர்றதெல்லாம் ஒரு ஆர்டராம்மணி?"

வி.பி.பி.யைப் பார்க்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார். அது நின்றால் என் மேஜையும் போய்விடும். மேஜை போனால் அடுத்து என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்த ஒருவரின் மகன் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தார். பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம். பையன் தங்கம் என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று அந்தத் தங்கம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "வேலைய எப்ப உடுவீங்க?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் கேட்கும்போதெல்லாம் "இப்ப வேண்டாமுங்க" என்பேன். பெரியவர்களிடம் வெடுக்கென்று 'வேண்டாம்' என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. "சரி, இப்ப வேண்டாங்கறா" என்று தை மாதத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்தார்கள். வேலை இருக்கிற வரைக்கும் இப்படியே தள்ளலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்குக்கும் சித்திரையோடு முடிவு வந்துவிடும் போலிருந்தது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். "காலை ஆட்டாத, ஊட்டுக்கு ஆகாது" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன்.

திரும்பிய பார்சல்களை ஷெட் தரையில் ஊர்வாரியாகப் பரப்பிப் பார்த்தேன். திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தூரத்துக்குப் போனவை அநேகமாகத் திரும்பவில்லை. அவிநாசி, கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் என்று பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர்களிலிருந்துதான் திரும்பியிருந்தன. முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "உள்ளூர் மாடு வெலை போகாதும்பாங்க, அதுதான்" என்றார். எனக்கு அது பொருந்தவில்லை. பிடிக்காத மாட்டை யார் கார்டு போட்டுக் கேட்பார்கள்?

அட்டைப் பெட்டியில் நைட்டி போட்ட ஒரு பெண்ணின் படம் இருந்தது. தபால்காரருக்கு முன்னால் அதை வாங்கக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்து, பெட்டிக்கு மேல் காக்கித் தாள் சுற்றி அனுப்பினேன். காக்கித் தாளோடு திரும்பி வந்தது. விலையில் கொஞ்சம் குறைத்துப் பார்த்தோம். குறைந்த விலையோடு திரும்பி வந்தது. சரி, வாங்க மறுத்தவளையே நேரில் கேட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அவிநாசி கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த டவுன் பஸ் ஏறினேன், ஆகவே அது முழுப் பொய் இல்லை.

பார்சலில் இருந்த விலாசத்தைக் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். அந்த அம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் பதறிப் போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நானெங்கீங்க வேண்டாம்னேன்? இன்னைக்கு வேண்டாமுங்க, நாளைக்குக் கொண்டாங்கன்னுதான் சொன்னேன். அப்பறம் அவரு வரவே இல்லீங்க."

இன்னொரு தடவை அந்த வெயிலில் சைக்கிள் மிதிக்க எந்தத் தபால்காரருக்கு ஆசை? 'இன்னைக்கு' வழியிலேயே உதிர்ந்துபோய், 'வேண்டாம்' மட்டும் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அன்னைக்குக் கையில காசு இல்லீங்களாக்கா?"

அவர் முகம் வாடிவிட்டது. "காசில்லாமயாங்க கார்டு எழுதுவேன்? சாமி படத்துக்குப் பொறகால முடிஞ்சு வெச்சிருந்தேன். அன்னைக்குப் போயி அதை எப்படீங்க எடுக்கறது? உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சாமி படம், எடுக்கக் கூடாது, பெண்களுக்குத் தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்று நாள் விலக்கு. வாசலில் நின்றுகொண்டு அதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை என்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். மோரைக் குடித்துவிட்டு, "வாரேனுங்கக்கா" என்று பஸ் ஏறினேன்.

பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் எனக்கே என் மேல் கோபம் வந்துவிட்டது. ஒருத்திக்கு அன்றைக்கு அப்படி, சரி. கோபியிலும் பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் தபால்காரர் வருகிற நாளாகப் பார்த்தா வரும்? போன காரியம் முடியாமலே திரும்பியிருந்தேன். வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக் காரியத்தைக் கெடுத்தோம்.

பங்குனி பிறந்தது. முதலாளி புது விளம்பரத்துக்கு வாசகம் எழுத ஆரம்பித்துவிட்டார். 'வி.பி.பி. கிடையாது' என்ற வரியை எங்கே போடுவது என்று என்னிடமே கேட்டார். என் மேஜைக்கான சாவு அறிவிப்பை நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

எங்களுக்கு இங்கிலீஷ் மாதம் ஒன்றாம் தேதி சம்பளம். நான் சேர்ந்த பிறகு முதல் முறையாக அது வெள்ளிக்கிழமையில் விழுந்தது. மில் சங்கு ஊதியதும் முதலாளியின் மேஜைக்குப் போனேன். அவர் லட்சுமி படத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சம்பளமுங்க."

"ஏனம்மணி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கல்லாவுல கை வெக்கச் சொல்றயா? மகாலட்சுமி வர்ற நாளு. இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்கிக்க."

நான் அப்படியே நின்றேன். இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு. அதே வார்த்தைகள். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடத் தரமாட்டார்கள். கீரைக்காரிக்குச் சில்லறை கொடுப்பது வேறு. சாமி படத்துக்குப் பின்னால் முடிந்து வைத்த நோட்டு வெள்ளிக்கிழமை வாசல் தாண்டாது. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்ததுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு அவிநாசி வரை நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"ஏனுங்க, நாம பார்சல் அனுப்பறது என்னைக்குங்க?"

"புதன்கெழமை. பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்குமா?" இது அவர் அப்பா காலத்து வழக்கம். எத்தனை ஆர்டர் வந்தாலும் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துப் புதன்கிழமைதான் தபாலாபீஸுக்கு அனுப்புவார்.

"புதன்கிழமை அனுப்பறது அவிநாசிக்கு என்னைக்குங்க போகும்?"

"ரெண்டு நாள்ல போயிரும். வெள்ளி..."

பாதியில் நிறுத்திவிட்டார். நான் விடவில்லை.

"திருநெல்வேலிக்கு சனிக்கிழமைங்க. நாகர்கோயிலுக்கு திங்கட்கிழமைங்க. பக்கத்தூருக்கு மட்டும் வெள்ளிக்கிழமைங்க. நீங்களே இன்னைக்குக் கல்லாவுல கை வெக்க மாட்டேங்கறீங்க, அந்தம்மா மட்டும் சாமி படத்துக்குப் பொறகால இருந்து எடுத்துக் குடுத்துருவாங்களாங்க?"

குரல் உயர்ந்துவிட்டது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி லட்சுமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். இந்த முறை அது கோபம் மாதிரி இல்லை.

புதன்கிழமையை அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் வாதாடி ஒரு சமாதானத்துக்கு வந்தோம். புதன்கிழமை தூரத்து ஊர்களுக்கு மட்டும் அனுப்பி வழக்கத்தைக் காப்பாற்றுவது, பக்கத்து ஊர்ப் பார்சல்களுக்குச் சாஸ்திரத்துக்கு அன்றைக்கே மஞ்சள் தொட்டு வைத்துவிட்டு வியாழக்கிழமை அனுப்புவது. வியாழனில் அனுப்பியது சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் குவியல் சிறுத்துக்கொண்டே வந்தது. முழுக்க நிற்கவில்லை. சில வீடுகளில் வீட்டுக்காரரே வாசலில் நின்று திருப்பி அனுப்பினார், அதற்கு எந்தக் கிழமையிலும் மருந்தில்லை. ஆனாலும் விளம்பரத்தில் அந்த வரி வரவில்லை. ஷெட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி இதைத் தன் யோசனையாகச் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், மேஜை என்னிடம் இருந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர்கள் முடிவு கேட்கிறார்களாம். அப்பா நாற்காலியில் இருந்தார், அம்மா கதவோரம் நின்றாள், நான் காபி டம்ளரை நீட்டினேன்.

"என்ன கண்ணு, வைகாசியில வெச்சுக்கலாமுங்களா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அந்த அவிநாசிக்கார அக்கா நினைவுக்கு வந்தார். அவர் 'இன்னைக்கு வேண்டாம்' என்றார், 'வேண்டாம்' மட்டும் போய்ச் சேர்ந்தது. நான் சொன்ன 'இப்ப வேண்டாம்' என்பதில் இங்கே 'இப்ப' மட்டும்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வேலை இருக்கிற வரைக்கும் தள்ளலாம் என்றால், வேலை போகிற அன்றைக்கு மாலை போட்டுக்கொள்ள வேண்டியதுதானா? எனக்கு அந்த மண்டியும் வேண்டாம், அந்தத் தங்கமும் வேண்டாம். அதை நான் ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லவில்லை.

"வேண்டாமுங்க பெரியம்மா" என்றேன்.

"சரி, இப்ப வேண்டாம்னா ஆவணியில பாத்துக்கலாம்" என்று அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"பெரியம்மா, நான் 'இப்ப'ன்னு சொல்லலீங்களே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் கை பழக்கதோஷத்தில் என் தொடைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. கால் ஆடவில்லை.