விடாமல் தட்டிய ஸ்பூன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். நர்ஸ் வேலையில் இத்தனை வருடம் ராத்திரி டியூட்டி பார்த்திருக்கிறேன், எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னை எட்டிப் பார்த்ததில்லை. இதைக் கேட்டுவிட்டுத் தூக்கக் கலக்கம் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு அன்று வந்தது பயத்தைவிட ஆத்திரம்தான், இன்றைக்கும் அது அடங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வரவேற்பறையில் செயற்கை அருவி வைக்கக் காசு இருந்தது, எங்கள் வார்டின் கடைசி அறையில் நோயாளி அழுத்துகிற மணியைச் சரிசெய்ய மட்டும் ஆள் இல்லை. வாய் வலிக்கச் சொன்னேன். மெயின்டனன்ஸ் ஆள் ஒவ்வொரு தடவையும் "நாளெ ஷெரியாக்காம் சேச்சி" என்பான். அவனுடைய நாளை வரவே இல்லை.

அந்த அறையில் இருந்தவர் மரிய புஷ்பம். குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவர், தலையில் மீனைச் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றவர். அந்தத் தொண்டையில்தான் வியாதி வந்தது. ஆபரேஷன் செய்து கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், குரல் சுத்தமாகக் கிடையாது. குழாயில் சளி அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும், உடனே ஓடிவந்து சக்ஷன் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். குரல் இல்லாத மனுஷிக்கு மணியும் இல்லை என்றால் அவர் யாரை எப்படிக் கூப்பிடுவார்?

அதனால் என் சாப்பாட்டுப் பையில் இருந்த எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் அவர் கட்டிலில் வைத்தேன். "சும்மா வரணும்னா ரெண்டு தட்டு தட்டுங்கம்மா. மூச்சு முட்டுச்சுன்னா விடாம தட்டணும், கேட்டேளா?" என்றேன். அவர் தலையாட்டினார். சத்தமே வராத உதடுகள் "மக்ளே" என்று அசைந்தது எனக்குத் தெரிந்தது.

சில நாள் நன்றாகத்தான் போனது. பிறகு பக்கத்து அறைப் பெரிய மனிதர் தன் தூக்கம் கெடுகிறது என்று புகார் கொடுத்தார். சூப்பர்வைசர் மேடம் நேராக வந்து டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து என் கையில் திணித்தார்.

"இது ஆஸ்பத்திரியாணோ, சாயாக்கடையாணோ? வீட்டில் கொண்டுபோய் வை."

"மேடம், ஆ முறியில் பெல் இல்லல்லோ..." அந்த அறையில் மணியே இல்லையே என்றேன்.

"ஷெரியாக்கான் பறஞ்ஞிட்டுண்டு."

சரிசெய்யச் சொல்லியிருக்கிறாராம்! யாரிடம், எப்போது என்று கேட்டால் நான் அதிகப்பிரசங்கி.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, டம்ளருக்குள் ஸ்பூனைப் போட்டு அடுக்களை மேடையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறவர். அவரிடம் புலம்பினால், "உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார். சண்டை போட நேரமில்லை, டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி புஷ்பம்மாவுக்குத் துணைக்கு இருக்கும் அவர் மருமகளும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போயிருந்தாள். புஷ்பம்மாவின் கதவை நான் திறந்து வைக்க, ஏசி வீணாகிறது என்று ரவுண்ட்ஸ் வந்த மேடம் சாத்திவிட்டுப் போனார். இடையிடையே போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நோயாளியைக் கொண்டுவந்தார்கள், நானும் ஜூனியர் அஞ்சுவும் அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் கேட்டது. ஸ்பூன் டம்ளரில் மோதும் சத்தம். இரண்டு தட்டு இல்லை, விடாமல்.

கையில் இருந்த டிரேயைப் போட்டுவிட்டு ஓடினேன். "எங்கோட்டா சேச்சி?" என்று அஞ்சு பின்னால் கத்துகிறாள், அவளுக்கு எதுவும் கேட்கவில்லையாம். கதவைத் திறந்தால் புஷ்பம்மா உதடு நீலமாகிக் கண் செருகிக் கிடக்கிறார். சக்ஷன் போட்டு அடைப்பை எடுத்து, அவர் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. ஓடிவந்த டாக்டர், "கொஞ்சம் தாமதிச்சிருந்தா போயிருப்பாங்க" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டம்ளர் என் வீட்டில் இருக்கிறதே!

விடிந்ததும் அவரிடமே கேட்டேன், "எதை வச்சும்மா தட்டினீங்க?" அவர் இரண்டு வெறும் கையையும் விரித்துக் காட்டினார்.

காலையில் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? மெமோ. வராந்தாவில் ஓடியதற்கும் டிரேயைப் போட்டு மற்ற நோயாளிகளை எழுப்பியதற்கும். மருமகள் வருவதற்குள் ஆள் வந்து ஒரு ஒயரைத் திருகிவிட்டுப் போனான், மணி அடித்தது. அவ்வளவுதான் வேலை! மேடம் அந்தப் பெண்ணிடம், "பெல் அடிச்சு, ஞங்கள் ஓடியெத்தி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மணி அடித்ததாம், இவர்கள் ஓடிவந்தார்களாம்!

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தால், நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி அடுக்களையில என்னத்தடி வச்சிட்டுப் போன? டிங்கு டிங்குன்னு ஒரே சத்தம். எலியாக்கும்னு லைட்டைப் போட்டா ஒண்ணையும் காணல. டம்ளருக்குள்ள அந்த ஸ்பூன் மட்டும் நின்னு ஆடுது."

நேராக அடுக்களைக்குப் போய் டம்ளரிலிருந்து ஸ்பூனை எடுத்துத் தனியே வைத்தேன்.

புஷ்பம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். நானும் அங்கே வேலையை விட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டேன். அந்த டம்ளரை அலமாரியிலும் ஸ்பூனைப் பெட்டியிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், நைட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் தட்டும் சத்தம், விடாமல். பதறி என் வார்டுக்குப் போன் போட்டேன், எல்லாரும் நன்றாக இருக்கிறார்களாம். புஷ்பம்மாவின் மருமகளைக் கூப்பிட்டேன், அம்மை சாப்பிட்டுவிட்டு உறங்குகிறார் என்றாள். சத்தம் நிற்கவில்லை. எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எவன் நாளை சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நான் யாரிடம் கேட்பேன்? செருப்பை மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.