குஞ்சு மட்டிகள் வாய் பிளந்த கோடை

ஆவடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஏரி வற்றும்போது, சேரிப் பெண்கள் சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி தடவுவார்கள். பெரியவற்றைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, நகத்தளவு குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டுபோய் கடைசிவரை தண்ணீர் நிற்கும் மதகுப் பள்ளத்தில் விட்டுவிட வேண்டும். அடுத்த கோடைக்கு அதுதான் கறி. வேறு கறி எங்களுக்கு எவன் கொடுத்தான்?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. ஒரு கோடையில் ஏரி முழுக்கப் பாசி பூத்தது. வழக்கமான பாசி இல்லை. பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி. அள்ளினால் குமட்டியது. அம்மா பள்ளத்தில் கைவிட்டுத் துழாவினாள். சில நாள் முன்பு விட்ட குஞ்சு மட்டிகள் அத்தனையும் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே சதை கூழாகியிருந்தது. பெரிய மட்டிகள் மட்டும் இன்னும் இறுக மூடியிருந்தன.

"குஞ்சுங்கதான் மொதல்ல பூடுது. தண்ணி கெட்டுப் பூட்ச்சிடி" என்றாள். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம். கழனிக் கிணறுகள் வறண்டுவிட்டன. ஊர்க் கிணற்றை நாங்கள் தொடக்கூடாது. அப்போதுதான் பால் மறந்திருந்த என் தங்கைக்கு அன்று காலையிலிருந்து பேதி.

அதற்குள் ஏரியில் குடித்த எருமை ஒன்று ஊரில் விழுந்து செத்தது. பண்ணைக்காரர் மகன் தன் மாடுகளுக்கு ஊர்க் கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தான். அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தோடு போய் எட்டவே நின்றாள். நானும் கூட நின்றேன்.

"ஆண்டே, கொயந்தைக்கு ஒரு கொடம் ஊத்துங்க ஆண்டே. ஏரித் தண்ணி வெசமா கீது. மட்டிக் குஞ்செல்லாம் செத்துப் பூட்ச்சு."

"மட்டி துன்றவளுக்கு இன்னாடி ஊர்த் தண்ணி?" சிரித்தான், பாவி. "மாடு குடிச்சிட்டு மிச்சம் கீதானு பாப்பம். அங்கியே நில்லு."

நின்றோம். மாடுகள் நிதானமாகக் குடித்தன. கடைசி மாடு தொட்டியை நக்கியே துடைத்துவிட்டது. அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

தங்கை தண்ணீர் தண்ணீர் என்று கத்தினாள். அம்மா ஏரித் தண்ணீரைப் புடவையை நாலாய் மடித்து வடிகட்டினாள், கொதிக்கவும் வைத்தாள். கொதித்தால் சரியாகிவிடும் என்றே நம்பினாள். பாசி விஷம் கொதித்தாலும் போகாது என்று அவளுக்கு யார் சொன்னது? வேறு என்னதான் செய்வாள்? ஆறவைத்து அவளே ஊட்டினாள். தங்கை ஆசையாகக் குடித்தாள்.

மறுநாள் அவளைக் குளிப்பாட்டிப் புதைக்கவும் அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான் மொண்டு வந்தேன்.