சீசனுக்கு வந்த நாளிதழ்

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் நூலகத்தில் திடீரென்று நாளிதழ் வருவது நின்றுவிட்டது. நூலகரிடம் கேட்டேன்.

"நூலக வரிப் பணம் இன்னும் வந்து சேரல தம்பி. நான் எதை வச்சு வாங்கிப் போட?" என்றார்.

வீட்டு வரியோடு அதையும் சேர்த்துத்தானே கட்டுகிறோம் என்று பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன்.

"விருதுநகர் மாவட்ட நூலக ஆபீசுக்கு அப்பவே அனுப்பியாச்சே" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

எஸ்டிடி பூத்திலிருந்து விருதுநகருக்குப் பேசினேன். உங்கள் பஞ்சாயத்தில் கேளுங்கள் என்றார்கள். எங்கள் தெருவில் ஏறி எங்கள் தெருவுக்கே திரும்ப வேண்டிய பணம் நடுவில் எங்கே இறங்கிக்கொண்டது? யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தீபாவளி ஆர்டர்கள் குவிந்த நேரத்தில், அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி தன் செலவில் நூலகத்துக்கு நாளிதழ் போட ஆரம்பித்தது. தீபாவளி முடிந்ததும் அதுவும் நின்றது.

"லோடு எல்லாம் போயி முடிஞ்சிருச்சுல்ல தம்பி. இனி அடுத்த சீசனுக்குப் பாப்போம்" என்றார் நூலகர்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏலே, வெடி வித்தாத்தான் நீ பேப்பர் படிக்கணுமாக்கும்?"

மறுவாரம் பஞ்சாயத்து ஆள் வீட்டு வரி கேட்டு வந்தார். நூலக வரியும் அதில் சேர்ந்தே இருந்தது. அதற்கு மட்டும் சீசன் கிடையாது.