இடப்பக்க மேல் மூலை

என் மகளை முகக்கம்பிக்குப் பின்னால் மட்டுமே கண்ட மனிதர்கள், அவளுடைய இடது கையைப் பற்றி ஒவ்வொரு நாளும் கதைத்துக்கொள்ளும் வட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதில் நானும் இருந்தேன். பெயர் போடவில்லை, பிள்ளையார் படம் மட்டும். அவள் படிக்கும் கல்லூரியின் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு அவள்தான் கோல் காப்பவள். குழு அந்த அணியின் ரசிகர்களுடையது. எழுதுவது சுவிஸ் ஜெர்மன், அதுவும் வாயில் வருகிறபடி எழுதுவார்கள். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். அங்கே இருக்கிற வயதானவர்களிடம் காதால் கேட்டுப் பழகிய பாஷை என்பதால், ஒவ்வொரு வரியையும் பஸ்ஸில் உதட்டுக்குள் வாசித்தால்தான் விளங்கும். எம்மன்புரூக்கேயில் ஏறி லூசர்னில் இறங்குவதற்குள் என் பிள்ளை நாலு தரம் கெட்டிக்காரியாகி மூன்று தரம் சோம்பேறியாகிவிடுவாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பயத்தில்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது தெரிந்திருப்பதைவிடக் கூடிய பயம்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நடக்கும். ஆட்டத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. அவளுடைய தலைக்கவசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு சுற்றுப்பலகையில் மோதுகிற சத்தத்துக்கு எனக்குத் தலை தானாகக் குனியும். அதற்குப் பழைய காரணங்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்தார்கள். பாதி நேரம் அதுவும் உண்மைதான்.

எனக்கு ஒரு பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வென்றால் கிலுக்குவதற்கு மடியில் மாட்டு மணியோடு இருப்பார். மறுபக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த ஒரு தம்பி. கிரிக்கெட் இல்லாத ஊரில் எதையாவது பார்க்கத்தானே வேண்டும் என்று வந்தவர், கடைசியில் அணியின் பயிற்சியாளரைவிடக் கூடக் கவலைப்படுகிற ஆளாகிவிட்டார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாளில் கோல் சட்டத்தைப் பெட்டியாக வரைந்துகொண்டு வருவார். அவள் தடுத்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு பச்சைப் புள்ளி, விட்டதற்குச் சிவப்பு.

"அக்கா, உங்க பொண்ணோட டெவலப்மென்ட்டப் பாருங்க. போன சீசன்ல இடப்பக்க மேல் மூலைதான் வீக். இப்போ பூட்டு போட்ட மாதிரி இருக்கு. ஒண்ணு உள்ள போகல."

"மெல்லக் கதையுங்கோ தம்பி."

"ஏன்க்கா, நல்லதுதானே சொல்றேன்?"

நல்லது சொல்வதுதானே பிரச்சினை. திருஷ்டி என்று சொல்லியிருந்தால் அவருக்கு உடனே விளங்கியிருக்கும். ஆனால் உங்களுடைய கண்ணும் அதில் சேர்த்தி என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மார்கழியில் குழு முழுக்க அவள் புகழ்தான். மாசியில் நடக்கும் தேசியத் தெரிவு முகாமுக்கு அவளை அழைக்காவிட்டால் தேசிய அணிப் பயிற்சியாளருக்குக் கண் இல்லை என்று ஒருவர் எழுதினார். இந்தப் பெண் நிற்கும்வரை எங்கள் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்காது என்று தபால்காரர் எழுதினார். வாசிக்க வாசிக்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் நாவூறு, அதாவது திருஷ்டி, கழித்தேன். உப்பும் செத்தல் மிளகாயும் கைக்குள் பொத்தி, அவள் தலையைச் சுற்றி மூன்று தரம். இருபது வயதுப் பிள்ளை, கைபேசியைப் பார்த்தபடி பொறுமையாக நின்று தருவாள். பிறகு மிளகாயைச் சட்டியில் போட்டு எரிக்க வேண்டும். முதல் தரம் எரித்தபோது புகை அலாரம் அலறி, கட்டடப் பொறுப்பாளர் நாலு மாடி ஏறி வந்துவிட்டார். பொறுப்பாளருக்கு முன்னால் பட்ட வெட்கத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு கட்டளை போட்டார்: இனி மிளகாய் எரிப்பதென்றால் அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றிழுக்கும் விசிறியை முழுவேகத்தில் போடு, பல்கனிக் கதவையும் திறந்துவை. அதிலிருந்து நானும் ஒவ்வொரு தரமும் அப்படியே செய்தேன்.

தை மாதத்தில் ஒரு ஆட்டம். எதிரணிப் பெண் ஒருத்தி வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் சறுக்கிவந்து என் மகள்மேல் விழுந்தாள். மகளுடைய தலையின் வலப்பக்கம் கோல் சட்டத்தின் இரும்புக் கம்பத்தில் மோதிய சத்தம், மேலே இருந்த எனக்கு மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்த இருவருக்கும் கேட்கவில்லையாம். அவள் எழும்பினாள். பயிற்சியாளர் ஓடிவந்து ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள், ஆட்டம் தொடர்ந்தது. அன்றைக்கு வென்றார்கள். மணி கிலுகிலுத்தது.

அடுத்தநாள் அவள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். யன்னல் தட்டியை இறக்கிவிட்டு இருட்டில் படுத்திருந்தாள். வெளிச்சம் கூசுகிறது என்றாள்.

"டொக்டரிட்டக் காட்டுவமோ?" என்று இவர் கேட்டார்.

அவள் படுக்கையிலிருந்தே சொன்னாள்: "வேண்டாமப்பா. தலையிடி எண்டு எழுதினா ஐஸில கால் வைக்க விடமாட்டினம். அதுக்குள்ள தெரிவு முடிஞ்சிடும். அம்மா, நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்பதில் எனக்கு முழுச்சம்மதம். சொன்னால் இன்னும் நாலு வாயில் விழும். "முதல் நாவூறைக் கழிப்பம். பிறகு பாப்பம்," என்றேன். இதைச் சொன்னது நான். இவர் இல்லை, அவளும் இல்லை.

அன்றைக்குச் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அவளைக் கதிரையில் இருத்தி, மிளகாய் சுற்றி, சட்டியில் போட்டேன். மிளகாய் கறுத்துச் சுருண்டது. மணக்கவே இல்லை; முந்திய சனிக்கிழமைகளில் மணந்ததா என்று நான் கவனித்ததும் இல்லை. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை. எரிகிற மிளகாய் மணக்காவிட்டால் நாவூறு பலமாகப் பட்டிருக்கிறது என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. என்ன வருத்தம், என்ன நோய் என்று தெரிந்துவிட்டதே என்ற நிம்மதி. பிறகு மூன்று நாள் தொடர்ந்து எரித்தேன். மூன்று நாளும் மணக்கவில்லை.

அந்தக் கிழமை ஏழு நாளுக்குள் மேசையில் தண்ணீர்க் கிளாஸை இரண்டு தரம் தட்டிவிட்டாள், குளியலறைக் கதவில் தோளை இடித்துக்கொண்டாள். நான் ஏசினேன்.

அடுத்த ஞாயிறு தோற்றார்கள். குழுவின் நாக்கு ஒரே நாளில் புரண்டது. வளர்ச்சி நின்றுவிட்டது என்றார்கள். தலைக்கனம் என்றார்கள். இரண்டாவது கோல் காப்பவளுக்கு இடம் கொடுத்தால்தான் இந்தப் பருவத்தைக் காப்பாற்றலாம் என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. மார்கழியில் அவளைத் தலையில் தூக்கி வைத்தவர்கள்தான் இவர்களும். எனக்கு வந்த கோபத்தில் சுவிஸ் ஜெர்மனில் ஒரு கெட்ட வார்த்தையை எழுத்துக்கூட்டி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு இரண்டாவது இடைவேளை. ஐஸை மெழுகுகிற வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. தபால்காரர் மணியைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டார். கோயம்புத்தூர்த் தம்பி தன் பையிலிருந்து பழைய தாள்களையெல்லாம் எடுத்து முழங்காலில் பரப்பினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. குரூப்ல எல்லாரும் டெக்னிக் போச்சுன்னு எழுதறாங்க. எனக்கு அப்படித் தோணல."

"ஏன்?"

"இங்க பாருங்க. வலப்பக்கம் எல்லாம் பச்சை. முன்ன மாதிரியே சூப்பரா ஆடறா. சிவப்பு எல்லாமே இடப்பக்கம்தான், அதுவும் மேல் மூலை. அவ பூட்டு போட்டிருந்த மூலை. டெக்னிக்னா கொஞ்சம் கொஞ்சமாத்தான்க்கா கெடும். இது ஒரே நாள்ல மாறியிருக்கு."

"எண்டைக்கு?"

அவர் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்தார். "இந்த மேட்ச்சுக்கு அப்புறம். யாரோ அவ மேல வந்து விழுந்தாங்களே, அந்த மேட்ச்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கை எட்டலங்கறது இல்லக்கா. கை அசையவே இல்ல. வர்றதே தெரியாத மாதிரி நிக்கறா."

வர்றதே தெரியாத மாதிரி. அவள் தட்டிவிட்ட கிளாஸ் இரண்டும் மேசையில் இடப்பக்கம்தான் இருந்தன. குளியலறைக் கதவில் தோள் இடித்துக்கொண்டதும் இடப்பக்கம்தான். என்ன செய்தேன் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. மூன்றாம் பகுதி தொடங்க இன்னும் சில நிமிடங்கள்தான். அதில் ஒரு அடி அவள் தலையில் பட்டால்?

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உடைமாற்றும் அறைக்குப் போகிற நடையில் ஒரு பையன் கையை நீட்டி மறித்தான், அவனைத் தள்ளிவிட்டேன். ரப்பர் விரிப்பில் அணி வரிசையாக வந்துகொண்டிருந்தது. கடைசியாக அவள், தலைக்கவசத்தோடு, என்னைவிட ஒரு முழம் உயரமாக.

"போகாதே!" என்று தமிழில் கத்தினேன்.

"அம்மா! என்னம்மா இது? எல்லாரும் பாக்கினம். ஏன் என்ர மானத்த வாங்குறியள்?"

பயிற்சியாளர் திரும்பிவந்தார். முதியோர் இல்லத்து ஆட்களிடம் பழகிய பாஷையில், கிழவிகள் கதைக்கிற மாதிரி, எல்லாவற்றையும் கொட்டினேன். சத்தி எடுத்தது, இருட்டில் படுத்தது, கிளாஸ் தட்டுப்பட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் கொடுத்த வாக்கை அவளுடைய அணிக்கு முன்னாலேயே உடைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளர் அவளுடைய தலைக்கவசத்தைக் கழற்றி, என் மூக்கைப் பார் என்றார். வலப்பக்கத்திலிருந்து ஒரு விரலைக் கொண்டுவந்தார். "தெரியுது," என்றாள் உடனே. பிறகு இடப்பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். காதுக்குப் பக்கத்தில் விரல் ஆடியது, கன்னத்துக்குப் பக்கத்தில் ஆடியது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் விரலை நீட்டவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

"தொடங்குங்கோவன்," என்றாள் அவரிடம், ஜெர்மனில்.

விரல் கிட்டத்தட்ட மூக்கடிக்கு வந்தபோதுதான் திடுக்கிட்டுப் பின்னால் போனாள். அதன்பிறகு அவள் என்னோடு சண்டைபிடிக்கவில்லை. தடித்த கையுறையோடு என் கையைத் தேடினாள்.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்றைக்கே தலையைத் திறந்தார்கள். இன்னொரு அடி பட்டிருந்தால் என்று தொடங்கிய டொக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பதினாலு நாள் என்றேன். அந்தப் பதினாலு நாளும் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மிளகாய் எரித்தேன் என்று சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அவளுக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் நின்றேன். விசிறியைப் போடாமல், பல்கனிக் கதவைத் திறக்காமல், இரண்டு செத்தல் மிளகாயைச் சட்டியில் போட்டேன். அரை நிமிடத்தில் தொண்டை கிழிந்தது. கண்ணால் மூக்கால் ஊற்றியது. அலாரம் அலறியது, பொறுப்பாளர் கதவைத் தட்டினார், நான் திறக்கவில்லை. நிலத்தில் குந்தி இருந்து அழுதேன். என் பிள்ளைக்குப் பட்டது கல்லடி. நான் கண்ணடிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். புகையை விசிறி வெளியே இழுத்ததை, நாவூறு குடித்துவிட்டதென்று நம்பினேன்.

அவள் பிழைத்தாள். பார்வையும் வருகிறது, மெல்லமாக. இடப்பக்கம் முழுதாகத் திரும்புமா என்பதைக் காலம்தான் சொல்லும் என்கிறார்கள். அணி கீழே இறங்கிவிட்டது. குழுவில் அடுத்த பருவத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள், அவள் எப்போது திரும்புவாள் என்று பந்தயம் கட்டாத குறை. கோயம்புத்தூர்த் தம்பி மட்டும் அவளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. கிழமைக்கொரு தரம் எனக்குத் தனியாக "எப்படி இருக்காக்கா?" என்று கேட்பார். நான் இன்னும் குழுவிலிருந்து விலகவில்லை. யாராவது எனக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுவிடுவார்களோ என்று இப்போதும் ஒவ்வொரு வரியாக வாசிக்கிறேன்.

காலையில் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனால் கட்டிலுக்கு இடப்பக்கத்து மேசையில்தான் வைப்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். கதவடியில் துணி மடிப்பதுபோல நிற்பேன்.

"தெரியுதம்மா," என்பாள் அவள், திரும்பாமலே. "போங்கோ."

நான் போவதில்லை. அவள் கை நீண்டு கோப்பையைப் பிடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.