கிள்ளானில் என் பைப்புகளுக்கு விழுந்த முத்திரை

மரப் பைப்புக்கு முத்திரை குத்துவதற்காக யாரும் ஈப்போவிலிருந்து கிள்ளான் வரை போகமாட்டார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனேன். புகையிலை பிடிக்கும் பைப்புகளை இரண்டு வருடமாகக் கையால் செய்கிறேன். ஒன்றில்கூட என் அடையாளம் இருந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் செய்யக் கொடுத்திருந்த முத்திரை அச்சு தயார் என்று செய்தி வந்ததும் கிளம்பிவிட்டேன்.

கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம்தான், ஆனால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய முத்திரைக் கடையில், 'மா' என்ற எழுத்தைச் சுண்டுவிரல் நக அளவில் செதுக்கிய எஃகு அச்சைத் தந்தார்கள். நூற்றெண்பது ரிங்கிட்.

"பைப் தண்டு உருண்டைதானே? லேசா உருட்டி அழுத்துங்க அக்கா, இல்லாட்டி பாதி எழுத்துதான் விழும் லா," என்றார் கடைக்காரர்.

கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டேஷனிலிருந்து கிராப் கார் பிடித்து சேகர் வீட்டுக்குப் போனேன். ஈப்போ மரவேலை வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரன். இப்போது வீட்டுப் பின்கட்டில் பட்டறை வைத்திருக்கிறான். பைப் பிடிப்பவர்கள் தேடி வருவார்கள். நான் செய்த பன்னிரண்டு பைப்புகளை முத்திரையில்லாமல் விற்பனைக்காக அவனுக்கு அனுப்பியிருந்தேன். "உன் அச்சு வரட்டும், அப்புறம் குத்திக்கலாம்," என்று சொன்னவன் அவன்தான்.

உள்ளே ஒரு பெரியவர் என் பைப் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வழவழப்பு! செய்ய எத்தனை நாளாச்சு சேகர்?"

"மூணு வாரம் அங்கிள். அவசரப்பட்டா மரம் வெடிச்சிரும்."

அந்த மூன்று வாரக் கணக்கை அவனுக்குச் சொன்னதே நான்தான்.

"அங்கிள், அது நான் செஞ்சது," என்றேன்.

அவர் பைப்பைச் சாய்த்துத் தண்டைக் காட்டினார். "எஸ்.கே.ன்னு சேகர் முத்திரையில்ல இருக்கு, அம்மா?" குரலில் கேலி இல்லை.

சேகர் சிரித்தான். "ஈப்போ ஃபிரண்டு அங்கிள். எனக்கு ஹெல்ப் பண்றவங்க."

பெரியவர் அதையே வாங்கிக்கொண்டு போனார். மீதிப் பதினொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எஸ்.கே.

"என்னடா இது?"

"கஸ்டமருக்கு ஒரே பேருதான் பழக்கம் மாலா. ரெண்டு இருந்தா கன்ஃபியூஸ் ஆயிருவாங்க லா. பேரு என்ன அவ்ளோ பெரிய விஷயமா?"

"பெரிய விஷயம் இல்லேன்னா என் பேரைப் போட்டிருக்கலாமே."

அவன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். உப்புத்தாளால் தேய்த்து அழிக்கலாமா என்று பார்த்தேன். எழுத்து ஆழமாக இறங்கியிருந்தது. தேய்த்தால் தண்டே மெலிந்துபோகும். பையில் புதிதாகச் செய்த நான்கு இருந்தன. அவன் கண்ணெதிரே நான்கிலும் 'மா' பதித்தேன். ஒன்று கோணலாக விழுந்தது.

"இதை இங்க வெச்சா விலை போகாது," என்றான். நான் வைக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். திரும்பும் வழியெல்லாம் அதுதான் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

பைப் செய்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கடைசி மெருகுக்கு முன்பே முத்திரையைக் குத்திவிடுங்கள். குத்தாததை நண்பனுக்குக்கூட அனுப்பாதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வழி கேட்டால் சொல்கிறேன். சேகர் வீட்டுக்குக் கேட்காதீர்கள். நான் அங்கேயே விட்டுவந்த பதினொரு பைப்புகளும் அருமையானவை. அதனால்தான் சொல்லமாட்டேன்.