நிறுத்திய பக்கம்

எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மூன்று மணிக்கு, எங்கள் ஊர் கிறிஸ்தவ சபையின் ஞாயிறு பள்ளி அறையில், சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி பெஞ்சுகளில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். எட்டில் நாலு பேர் அந்தச் சபைக்காரர்கள், மற்ற நாலு பேர் இல்லை. புத்தகம் என்று வந்தால் அந்த வித்தியாசம் ஒன்றும் தெரியாது. களியக்காவிளையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நானும், ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவரும், தொடக்கப் பள்ளியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறோம்.

எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. வருஷத் தொடக்கத்தில் ஆளுக்கொரு புத்தகம் வாங்குவோம். கதையோ கட்டுரையோ, அவரவர் இஷ்டம். கடைசி அட்டையின் உள்பக்கத்தில் கோடுபோட்ட தாள் ஒன்றை ஒட்டுவோம். வாங்கினவர் முதலில் வாசித்து அந்தத் தாளில் கருத்து எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பார். மாதம் ஒரு கை மாறி, எட்டு மாதத்தில் புத்தகம் வாங்கினவரிடமே திரும்பி வரும். அந்தக் கூட்டத்தில் அவர் தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கருத்துதான். எழுதியதை அடிக்கக் கூடாது. முழுதும் வாசிக்க முடியாதவர் ‘நிறுத்திய பக்கம்’ என்று போட்டு எண்ணை எழுதிவிட வேண்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. புத்தகம் வீடு திரும்பும்வரை தாளில் இருப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரன் யார் என்பதை ஒருவர் மூன்றாம் மாதமே உளறித் தொலைத்த பிறகு வந்த விதி இது.

அந்தத் தாள்களைச் சேர்த்தால் அதுவே தனிப் புத்தகம். வாழைச் சாகுபடி பற்றிய ஒன்றில் எங்கள் விவசாயி எழுதினார்: ‘இதை எழுதியவர் ஒரு வாழைக்கும் தண்ணீர் விட்டதில்லை.’ பனிநாட்டுப் பயணநூல் ஒன்றுக்குத் தையல்கடை வைத்திருக்கும் அக்கா, ‘வாசித்தே கால் விறைத்துவிட்டது, நல்ல புத்தகம்’ என்று எழுதினார். காதல் நாவல் ஒன்றில் ஆட்டோக்காரர் எழுதியது எனக்கு இப்போதும் சிரிப்பு: ‘இவன் அவளிடம் முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு முந்நூறு பக்கம் மிச்சம்.’

டீச்சர் இரண்டு வரிதான் எழுதுவார், கரும்பலகையில் எழுதுவது போன்ற கையெழுத்தில். எவ்வளவு மோசமான புத்தகத்திலும் நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். எல்லோரும் அவர் கருத்துக்காகவே காத்திருப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நான் நீளமாக, காரமாக எழுதுவேன். என் பெயருக்கு நேரே நிறுத்திய பக்கம் ஒருநாளும் இருந்ததில்லை என்பதில் பெருமை வேறு.

அந்த வருஷம் நான் வாங்கியது கதையல்ல. மறதி நோய் வந்த கணவரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்ட ஒரு பெண் தன் அனுபவத்தை எழுதிய புத்தகம். ஓர் இடத்தில் அவர், கடைக்குப் போகும்போது கணவரை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவதாகவும், போகிற வழியெல்லாம் அழுவதாகவும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேனாவை எடுத்துத் தாளில் எழுதினேன்: ‘மருந்துக்கடையில் நிற்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நோயாளியைப் பூட்டிவைத்துவிட்டு வெளியே போகிறவருக்கு அன்பைப் பற்றிப் புத்தகம் எழுத அருகதை இல்லை. பூட்ட மனசு வந்தபின் கண்ணீர் எதற்கு?’

வரிசைப்படி எனக்கு அடுத்தவர் டீச்சர். அவரிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் இருக்கும் ஆட்டோக்காரர்தான் புத்தகத்தை வாங்கி வந்தார். வீட்டில் வேலை இருக்கிறதாம் என்றார். அதற்கடுத்த மாதமும் இல்லை. டீச்சருக்கு வாசிப்பு சலித்துவிட்டது என்று நான் அந்த அறையிலேயே பேசினேன். தையல்கடை அக்கா எனக்கு மட்டும் சாயாவை நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் மாதம் புத்தகம் வீடு திரும்பியது. முறைப்படி எழுந்து நின்று என் கருத்தை முதலில் வாசித்தேன். சத்தமாக, நிறுத்தி நிதானமாக. அதன் கீழே டீச்சரின் கையெழுத்து.

‘நிறுத்திய பக்கம் 64. மாதம் ஒரு தடவை, இரண்டு மணி நேரம், நானும் அவரைப் பூட்டிவைத்துவிட்டுத்தான் இங்கே வந்துகொண்டிருந்தேன். இனி வர மாட்டேன்.’

முதல் வாக்கியத்தை வாசித்துவிட்டேன். மற்றதைக் கண்ணால் மட்டும் வாசித்தேன். சத்தமாக வாசிக்கவும் வேண்டியிருக்கவில்லை, அவர்கள் ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக அதை ஏற்கெனவே வாசித்திருந்தார்கள். அதன் கீழே ஆறு பேரும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள்: ‘வாசித்தேன்.’

“எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” என்று கத்தினேன்.

“புத்தகம் வீட்டுக்கு வராம பேசப்பிடாதுன்னு விதி வச்சது நீங்கதானே அண்ணே” என்றார் ஆட்டோக்காரர். அது உண்மை. விதியைச் சாக்காக வைத்து அவர்களும் சும்மா இருந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் மேலும் கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

அங்கிருந்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். தேசிய நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சின்ன முடுக்குச் சந்து, அதன் கடைசி வீடு. அவர் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பது தெரியும். அவருக்கு நாலு வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டிருப்பது தெரியாது. மருந்துச் சீட்டை டீச்சர் ஒருநாளும் என் கடைக்குக் கொண்டுவந்ததில்லை. பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் வாங்கியிருக்கிறார்.

“டீச்சர், நான் தெரியாம எழுதிட்டேன்.”

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியளா? அப்போ அதுக்குப் பேரு கருத்தா அண்ணே?” டீச்சர் கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் சொன்னார். “பூட்டும்போ எனக்கும் நீங்க எழுதினது மாதிரிதான் தோணும். அத வேற ஒரு ஆளு எழுதிப் பாத்தப்போ தாங்க முடியல்ல, அவ்வளவுதான்.”

கணவர் உள்ளேயிருந்து என்னைப் பார்த்து, கண்டக்டர் வந்தாச்சா என்று கேட்டார்.

“இனி இரண்டாம் சனி நான் இங்க வந்து இருக்கேன். நீங்க கூட்டத்துக்குப் போங்க” என்றேன்.

“அப்போ உங்களுக்குக் கூட்டம் வேண்டாமா?”

“நான் கருத்து எழுதினது கொஞ்ச நாளைக்குப் போதும்.”

அவர் லேசாகச் சிரித்தார்.

முதல் மாதம் சுலபமாகக் கழிந்தது. அவர் பழைய ரூட்டையெல்லாம் சொன்னார், அஞ்சுகிராமம்வரை ஒவ்வொரு நிறுத்தமும் ஞாபகம் இருந்தது, என் பெயர் மட்டும் ஏழு தடவை கேட்டார். இரண்டாம் மாதம் மூன்றரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். முடுக்கு முனைவரை கூடவே நடந்து, பேசிப் பேசித் திருப்பிக் கூட்டிவந்தேன். இவ்வளவுதானே, இதற்கா பூட்டு என்று அப்போதும் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. வெட்கமில்லாத குரல்.

மூன்றாம் மாதம் கடையிலிருந்து போன் வந்தது. ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டில் அவரைக் காணோம். ஓடினேன். நெடுஞ்சாலையின் நடுக்கோட்டில் நின்று, கேரளாவுக்குப் போகும் கண்டெய்னர் லாரியை ஒரு கையை உயர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார். லாரி ஒரு முழத்தில் நின்றது. நான் இழுத்தபோது என்னை அறைந்தார். என் கண்ணாடி விழுந்து உடைந்தது. எப்படியோ வீட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பேன், அவர் மறுபடியும் எழுந்து வாசலுக்குப் போனார்.

கதவின் உட்பக்கம் ஆணியில் பூட்டும் சாவியும் தொங்கின. டீச்சர் அதைத் தொட்டு மாதங்கள் ஆகியிருக்கும். நானும் உள்ளே நின்றபடியே தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“தெறங்க சார், ட்ரிப்பு இருக்கு” என்று அவர் கதவைத் தட்டினார். என்னை சார் என்றார். அரை மணி நேரம் தட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் புத்தகம் எழுதிய பெண் எதற்கு அழுதார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். பூட்டுத் திறக்கிற சத்தத்தை வெளியே நின்று கேட்டிருப்பார். உள்ளே வந்து கணவரைப் பார்த்தார், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார்.

“பூட்டினியளா?”

“ஓ, பூட்டினேன்.”

டீச்சர் கதவைச் சாத்திப் பூட்டை மறுபடியும் மாட்டினார். பிறகு சாயா போட்டுக் கொண்டுவந்தார்.

புத்தகம் மூன்று மாதமாக என் பையிலேயேதான் கிடந்தது. எடுத்துத் தாளை விரித்தேன். எழுதியதை அடிக்கக் கூடாது, இன்னொரு கருத்தும் கூடாது. ஆனால் முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய ஒன்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன். டீச்சரிடம் பேனா வாங்கி, அவர் பார்க்கவே, என் கருத்தின் கீழே எழுதினேன்: ‘நிறுத்திய பக்கம் 64.’

அவர் அதை வாசித்தார்.

“அப்போ மிச்சத்த நீங்களும் வாசிக்கல்லியா?”

“இல்ல டீச்சர். கோவத்தில மூடி வச்சிட்டேன்.”

தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “இது போட்டா எழுத்து தெரியுதான்னு பாருங்க. அறுபத்தஞ்சுல இருந்து வாசியுங்க, நானும் கேக்கேன்.”

எழுத்து ஓரளவு தெரிந்தது. சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். கணவர் எங்கள் நடுவே வந்து உட்கார்ந்து, யார் இந்த ஆள் என்று டீச்சரிடம் கேட்டார். கதவு பூட்டியிருந்தது.