உள்பக்கக் கைப்பிடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்று அதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்தது என் தங்கைக்கு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது நான்.

நாங்கள் குடிபோன வாடகை வீட்டில் எல்லாக் கதவுகளுக்கும் பித்தளைக் கைப்பிடி. வீட்டு ஓனர் தன்மையாகப் பேசுவார். மனைவி இறந்த பிறகு தனியாக அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனை. "பித்தளை பளபளன்னு இருக்கணும்மா. கை பட்ட தடம் தெரியக் கூடாது." மாதம் ஒருமுறை வந்து வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். நல்ல வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. நானும் தேய்த்தேன். எலுமிச்சைச் சாறு, உப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். ஈரம் போகத் துடைத்து, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய்.

பின்னறைக் கதவுதான் என்னோடு மல்லுக்கு நின்றது. அந்த அறைக்குள் யாரும் போவதில்லை. ஆனால் அதன் உள்பக்கக் கைப்பிடியில் தினமும் புதுக் கறை. விரல் தடம் மாதிரி. கிட்டப் போய்ப் பார்த்தால் ரேகை இல்லை... வெறும் மழுங்கல்.

"பேயைக் கை கழுவிட்டு வரச் சொல்லு" என்று என் கணவர் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். "கழட்டித் தேய்ச்சாத்தான்க்கா அழுக்கு போகும்" என்று உட்கார்ந்தாள். அந்தக் கதவின் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி, அவற்றை இணைக்கும் சதுரக் கம்பியையும் உருவி, வெளியே செய்தித்தாள் மேல் வைத்தாள். கதவில் இப்போது ஒரு ஓட்டை மட்டும். உள்பக்கப் பலகையைத் துடைக்கத் துணியோடு அறைக்குள் போனாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். காற்றே இல்லை.

டக்.

கதவு சாத்திக்கொண்டது.

"அக்கா, திற."

"இருடி." கம்பியை ஓட்டையில் விட்டுத் திருகினேன். திரும்பவில்லை. மறுமுனையை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"வாலு, விளையாடாதே. விடு."

"நான் தொடவே இல்லக்கா. ஜன்னல்கிட்ட நிக்கிறேன்."

கம்பி என் விரல்களில் மெதுவாக எதிர்ப்பக்கம் திரும்பியது. பிறகு... உள்ளே இழுத்துக்கொண்டது.

சர்... சர்... சர்...

துணியால் எதையோ தேய்க்கும் சத்தம். கைப்பிடிகள் இரண்டும் என் காலடியில் கிடந்தன.

"அக்கா... நீ எப்போ உள்ள வந்தே?"

நான் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்க்கா கையைப் பிடிக்கிறே? வலிக்குது..."

சர்சர்சர்சர்...

அவள் அலறினாள். கதவை உதைத்தேன். அசையவில்லை.

சத்தம் நின்றது.

டக்.

கதவு தானாகத் திறந்தது.

வாலு தரையில் உட்கார்ந்திருந்தாள். கைகளை என் பக்கம் நீட்டினாள். பத்து விரல் நுனியிலும் தோல் இல்லை. ரத்தம்கூட இல்லை. தேய்த்த பித்தளை மாதிரி... மினுமினுவென்று...

புண் ஆறியது. தோல் வளர்ந்தது. ரேகை வளரவில்லை.

வீட்டைக் காலி செய்தோம். கைப்பிடிகளை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஓனர் ஒற்றைக்காலில் நின்றார். பக்கத்துத் தெருப் பூட்டுக்காரரை அழைத்து வந்தேன். வெளிப்பக்கக் கைப்பிடியை எடுத்தார். மற்றதைத் தொட மறுத்தார்.

"ஓனரோட சம்சாரம் இந்த ரூம்லதான் செத்தாங்க. பித்தளையில தடம் பட்டா அவங்கள உள்ள தள்ளிச் சாத்திடுவாராம். அப்பல்லாம் உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. ஒருதடவை சாத்திட்டு வெளியூர் போயிட்டார். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி... விரல்ல தோலே இல்ல."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்லேருந்து வந்ததும் போலீசுக்கு முன்னாடி என்னைத்தான் கூப்பிட்டார். 'உள்பக்கம் ஒரு கைப்பிடி போடு, அவசரம்'னார். போட்டேன்."

பையை மூடி எழுந்தார்.

"கடைசி ஸ்க்ரூவை முடுக்குறப்பகூட அவங்களுக்கு மூச்சு இருந்துச்சு."